அரக்கன் வீடும் நாகப்பட்டினத்து வாசலும்

நான் நாகப்பட்டினத்துக்காரன். வேலைக்காக ஸ்காட்லாந்தின் இன்வர்னஸுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் ஊர்ப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து கூட வேலை பார்க்கும் ஒருவர், “ஒருநாள் உங்க ஊரைக் காட்டுகிறேன், வாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிண்டல் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே அரை மணி நேரம் ஓட்டி, எவன்டன் ஊருக்கு மேலே ஒரு காட்டோரத்தில் நிறுத்தினார். பைன் மரங்களுக்கு நடுவே ஏற்றம். மரங்கள் முடிந்ததும் ஹெதர் புதர். கடைசியில் 453 மீட்டர் உயரத்தில், ஆள் அரவமே இல்லாத முகட்டில், தூண்களும் வளைவுகளுமாக ஒரு கல் கட்டடம். கூரை இல்லை, கதவு இல்லை, உள்பக்கம் வெளிப்பக்கம் என்றும் எதுவும் இல்லை. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது. “இதுதான் நாகப்பட்டினத்து வாசல்” என்றார்.

ஃபைரிஷ் நினைவுச்சின்னம் என்று அதற்குப் பெயர். 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்த சர் ஹெக்டர் மன்ரோ, ஊர் திரும்பியதும் தன் பண்ணைக்கு மேலே இருந்த மலையில் அந்த ஊர் வாசலைப் போலவே ஒன்றைக் கட்ட வைத்தார். 1764-ல் பக்சாரில் ஜெயித்தவர் இவர்தான். நமக்கு இன்னும் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1780 செப்டம்பரில் ஹைதரும் திப்புவும் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கியபோது, சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராதவர் இதே மன்ரோ. பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பி ஓடியவரும் இவர்தான். பெய்லி வேறு யாருமில்லை, இன்வர்னஸுக்குப் பக்கத்து டுனெய்ன்காரர். இதற்கெல்லாம் எந்த மலையிலும் வளைவு கிடையாது.

வேலையில்லாத ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றுதான் மன்ரோ இதைக் கட்டினார் என்று உள்ளூரில் சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று கற்களை மலையிலிருந்து உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னாராம். நண்பரும் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 1792-ல் அதே மன்ரோ கில்டெர்மோரி நிலத்தை ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டதில் ஆரம்பித்த தகராறுதான், இந்த மலை இருக்கும் ராஸ்-ஷயர் மாவட்டத்துக் குடியானவர்கள் திரண்டு ஆயிரக்கணக்கான செம்மறிகளை வளைத்து ஓட்டிக்கொண்டு கிளம்பியதில் போய் முடிந்தது. அடக்குவதற்குப் பட்டாளம் வந்தது. அந்தப் பக்கத்து மக்களின் பழைய மொழியான கேலிக்கில் அந்த வருஷத்துக்கே ‘ஆடுகளின் வருஷம்’ என்று பெயர்.

சரி, இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் தெரிந்துவிடும். எனக்கு ஒட்டிக்கொண்டது வேறொன்று. மேலேயிருந்து பார்த்தால் கிராமர்ட்டி விரிகுடா, அதில் வேலையில்லாமல் நிறுத்திவைத்திருக்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகள், இந்தப் பக்கம் அடர்ந்த மரங்கள். “அந்த மரங்களுக்குள்தான் மன்ரோவின் நோவார் ஹவுஸ்” என்றார் நண்பர். நோவார் என்றால் என்ன என்று கேட்டேன். “அப்படின்னா? அது பேரு, அவ்வளவுதான்.” இரண்டு மணி நேரமாக என் ஊர்ப் பெயரின் ஜாதகத்தையே சொன்னவர், கண்ணுக்கு எதிரே இருக்கிற வீட்டின் பெயரை அப்படித் தாண்டிப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாகப்பட்டினம் என்பதில் ‘நாகம்’ எங்கிருந்து வந்தது என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நானும் தடுமாறியிருப்பேன்.

நடு சென்டர்

வீட்டுக்கு வந்து தேடினேன். கேலிக்கில் அந்த இடத்துக்கு ‘தாய் அன் ஊவாவர்’ என்கிற மாதிரி ஒரு பெயர். உச்சரிப்பை நான் சரியாகத்தான் எழுதுகிறேனா என்று கேட்காதீர்கள். அந்த மொழியில் எழுதுவது ஒன்று, வாயில் வருவது ஒன்று. ‘தாய்’ என்றால் வீடு. ‘ஊவாவர்’ ராட்சசன். அரக்கன் வீடு. நடுவில் நிற்கும் ‘அன்’ வெறும் சுட்டுச்சொல். கேலிக் தெரியாத காதுக்கு அந்த ‘ன்’ அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு கேட்கும். முன்னால் இருந்த ‘வீடு’ தேய்ந்து போனது. ஒட்டிய ‘ன’கரமும் அரக்கனும் சேர்ந்து நோவார் ஆனது. அப்புறம் அங்கே ஒரு பெரிய மாளிகை வந்ததும் அதற்கு நோவார் ஹவுஸ் என்று பெயர். கழன்று போன வீடு இங்கிலீஷில் திரும்பி வந்து பின்பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாம் ‘நடு சென்டர்’ என்றும் ‘கேட்டு வாசல்’ என்றும் சொல்வோமே, அந்த மாதிரி. ஆனால் இங்கே முதல் பாதியை மறந்துவிட்டுச் சொல்கிறார்கள்.

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வந்தது. ஒரு கட்டத்தில் யாரோ ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து நின்று, இந்த வீட்டுக்கு என்ன பெயர், எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுத்தானே வரைபடத்தில் போட்டிருக்க வேண்டும்? அவர் யாரைக் கேட்டார்?

ஐந்து கட்டங்கள்

கேட்டவர்கள் ஆர்ட்னன்ஸ் சர்வேக்காரர்கள், அதாவது பிரிட்டிஷ் அரசின் நில அளவை, வரைபடத் துறைக்காரர்கள். பட்டாளத்தின் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த சாப்பர்களும் அவர்களோடு வேலை பார்த்த சிவில் உதவியாளர்களும். முறை முதலில் அயர்லாந்தில் உருவானது. 1820-களில் அங்கே மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதையும் அளக்கத் தொடங்கியபோது, இடப்பெயர் எழுத்துகளில் இருந்த குழப்பத்தைப் பார்த்த அந்தத் துறையின் தலைவர் தாமஸ் கோல்பி, ஒவ்வொரு பெயருக்கும் அது என்னென்ன விதமாக எழுதப்படுகிறது, யார் சொல்லி எழுதியது என்பதையெல்லாம் தனிப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று விதி போட்டார். 1830-ல் அந்த வேலையில் சேர்ந்த ஜான் ஓ’டோனவன் என்ற ஐரிஷ் அறிஞர் அயர்லாந்து முழுக்க அலைந்து, ஐரிஷ் பேசும் கிழவர் கிழவிகளின் வாயால் பெயரைச் சொல்லக் கேட்டு, பழைய ஏடுகளோடு ஒத்துப் பார்த்தார். கடைசியில் வரைபடத்தில் ஏறியது என்னவோ இங்கிலீஷ் எழுத்துதான். ஆனாலும் கேட்டார்.

அதே புத்தக முறை பிரிட்டனுக்கும் வந்தது. ஸ்காட்லாந்தில் 1840-களில் விக்டவுன்ஷயரில் தொடங்கிய ஆறு அங்குல அளவைப் பணி 1880-களின் தொடக்கத்தில் முடிந்தது. அதன் பெயர்ப் புத்தகங்கள் 1,800-க்கும் மேல் எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இங்கிலாந்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1940-ல் சவுத்ஹாம்ப்டன் தலைமையகத்தின் மீது ஜெர்மன் குண்டு விழுந்ததில் பெரும்பாலானவை எரிந்து போயின. கம்பர்லாந்து, டர்ஹாம், நார்தம்பர்லாந்து மாதிரிச் சில மாவட்டப் புத்தகங்கள்தான் தப்பின. ஸ்காட்லாந்துப் புத்தகங்களின் பக்கங்களைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து வரிவரியாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். இந்தக் குளிர்காலம் முழுவதும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு அதுதான் வேலை. மனைவி இதற்கு ‘வில்லங்கம் பார்க்கிறது’ என்று பெயர் வைத்திருக்கிறாள். சரியான பெயர்தான்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் அச்சடித்த ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தில் வரைபடத்தில் போட வேண்டிய பெயர். இரண்டாவதில் அந்தப் பெயரை யார் யார் எப்படி எழுதுகிறார்கள் என்பது. எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் அதே சொல் மூன்று முறை ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். மூன்றாவதில், இரண்டாவதற்கு நேர் எதிரே, அப்படி எழுதியவர்களின் பெயர். நான்காவதில் இடம். ஐந்தாவது அகலமான கட்டம், குறிப்புரை. சாய்ந்த கையெழுத்து, நிதானமான மை, இடையிடையே அடித்துத் திருத்திய இடங்கள். பண்ணை வீடு என்றால் குறிப்புரை கிட்டத்தட்ட வாய்ப்பாடு மாதிரி இருக்கும்: இரண்டு மாடி, ஸ்லேட் கூரை, நல்ல நிலையில் உள்ளது, இன்னாருடைய சொத்து. மிராசுதார் மாளிகை என்றால் கை கொஞ்சம் நீளும். விசாலமான, அழகான மாளிகை, அலங்காரத் தோட்டம், லாயம், வாசலில் காவலாள் வீடு. குடிசை வந்தால் ஒரு வரி. மழையில் நனைந்துகொண்டு நாள் முழுக்க நடந்தவன் எழுதிய வரி என்று நினைத்துக்கொள்வேன். வரைபடத்திலும் இந்த வித்தியாசம் தெரியும். மாளிகையைச் சுற்றியிருக்கும் தோட்டத்தை நுண்ணிய புள்ளிகள் வைத்து நிழல்போல் காட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே எங்கெங்கே பெரிய வீடுகள் என்று சாம்பல் நிறத் திட்டுகளாகத் தெரியும். ஆள் காலி செய்து போன ஊர்களில் கூரையில்லாத வீடுகள் வெறும் கோட்டுக் கட்டங்கள். அவற்றில் பலவற்றுக்குப் பெயர் கிடையாது.

நான் போய் நின்றது மூன்றாவது கட்டத்தில். பெரிய வீடாக இருந்தால் அங்கே வீட்டுக்காரரே இருப்பார், இல்லாவிட்டால் ஃபாக்டர். ஃபாக்டர் என்றால் நம் பக்கத்துப் பண்ணைக் காரியஸ்தர். வாரம் வாங்குவது, குத்தகை பேசுவது, காலி செய்ய நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அவர். அப்புறம் பாதிரியார், வாத்தியார், போஸ்ட் மாஸ்டர். இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று முதலில் பட்டது. வீட்டுக்குப் பெயர் வைத்தவர் வீட்டுக்காரர்தானே, அவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது? வால்டர் ஸ்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1811-ல் ட்வீட் ஆற்றங்கரையில் கார்ட்லிஹோல் என்றொரு பண்ணையை வாங்கினார். ஊர்க்காரர்கள் அதைக் கிண்டலாக ‘கிளார்ட்டி ஹோல்’ என்பார்கள், சேற்றுக் குழி. நாவலாசிரியர் சேற்றுக் குழியில் குடியிருப்பாரா? மெல்ரோஸ் மடத்துத் துறவிகள் அந்த இடத்தில் ஆற்றைக் கடந்தார்கள் என்று சொல்லி ‘ஆபட்ஸ்ஃபோர்ட்’ என்று மாற்றினார். மடாதிபதித் துறை என்று வைத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் அங்கே கோபுரமும் கொத்தளமுமாக ஒரு மாளிகை. இன்று உலகத்துக்கே அந்தப் பெயர்தான் தெரியும். ஸ்காட் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. காசு கொடுத்து வாங்கினார், பிடித்த பெயரை வைத்தார். நம் ஊரில் வீட்டு வாசலில் ‘அம்மா இல்லம்’ என்று கிரானைட்டில் செதுக்கி வைப்பதைவிட இதில் கற்பனை அதிகம்.

சிறு விவசாயியை நம்பாதே

அப்புறம் ஒரு ராத்திரி அந்த விதிகளைப் படித்தேன். இந்தப் புத்தகங்கள் எழுதி முடித்து வெகுநாள் கழித்து, 1905-ல் களப் பரிசோதகர்களுக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே கொடுத்த அறிவுரை. பெயர்களுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று வரிசை போட்டிருக்கிறது. சொத்துக்காரர்கள், அவர்களுடைய ஏஜெண்டுகள், பாதிரியார்கள், கொஞ்ச காலமாவது அந்த ஊரில் இருந்த போஸ்ட் மாஸ்டர், வாத்தியார், வரி வசூலிப்பவர். ஓரளவு அந்தஸ்துள்ள, மதிக்கத்தக்க ஆட்களாகப் பார்த்துக் கேள் என்கிறது. அதற்கப்புறம் வரும் வரியைத்தான் நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். சிறு விவசாயிகளையும் குடிசைவாசிகளையும் நம்பக் கூடாதாம். அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயரைக் கேட்பதற்குக்கூட அவர்கள் லாயக்கில்லை, எழுத்து விஷயத்தில் சுத்தமாக லாயக்கில்லை. நன்றாகப் படித்த, புத்திசாலியான குடித்தனக்காரர் என்றால் வேறு விஷயம் என்று ஒரு சலுகையும் உண்டு.

அவன் குடியிருக்கும் வீட்டின் பெயருக்குக்கூட.

ராஸ்-ஷயர் பக்கம் இதை வைத்துப் பாருங்கள். 1820-ல் கல்ரெய்னில், நோவார் மன்ரோ குடும்பத்து நிலத்தில், குத்தகைக்காரர்களைக் காலி செய்ய வந்தவர்களைக் கல்லெடுத்து விரட்டினார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்கள். அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் கேலிக். அரை நூற்றாண்டு கழித்து அளவைக்காரன் வரும்போது அப்படிப்பட்ட ஊர்களில் பெயர் சொல்ல எத்தனை பேர் மிச்சம்? மிச்சமிருப்பவர்களும், பின்னால் விதியாகவே எழுதிவைத்த அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள். காலி செய்யச் சொன்ன உத்தியோகத்தில் இருப்பவரே அந்த இடத்தின் பெயருக்கும் சாட்சி. மூன்றாவது கட்டத்தில் ஃபாக்டர் என்று பார்த்தபோதெல்லாம் எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. நண்பரிடமும் இதைப் பொரிந்து தள்ளினேன். அவர் டீயைக் கலக்கிக்கொண்டே, “அந்த சிப்பாய் வேறு என்ன செய்திருக்க முடியும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார். கேலிக் தெரியாதவன், ஒரு நாளைக்கு இத்தனை சதுர மைல் என்று கணக்கு, மேலதிகாரி கேட்டால் காட்டக் கையெழுத்து எழுதத் தெரிந்த மூன்று பேர் வேண்டும். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

2005 ஜனவரி. சுனாமி வந்து மூன்று வாரம். நான் கல்லூரி இரண்டாம் வருஷம். ஒரு நிவாரணக் குழுவோடு சேர்ந்து நாகைக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் குடும்பக் கணக்கு எடுத்தேன். கையில் அட்டை, அதில் செருகிய படிவம். தலைவர் பெயர், ஆட்கள் எத்தனை, இறந்தவர் எத்தனை, படகு, வலை, பிறகு தெருவின் பெயர். ஒரு ஆயா, அறுபது எழுபது வயது இருக்கும், தெரு என்னவென்று கேட்டதற்கு “கிணத்தடிச் சந்து” என்றது. நான் எழுதப் போனேன். பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர், எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர், “அதெல்லாம் எழுதாதீங்க தம்பி. அது இவங்களா சொல்றது. கிழக்குத் தெருன்னு போடுங்க” என்றார். ஆயா அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, ஒன்றும் சொல்லவில்லை. நான் கிழக்குத் தெரு என்று எழுதினேன். அந்தச் சந்தில் இருந்த எல்லா வீட்டுக்கும் அப்படியே எழுதினேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேறு பட்டியலில் கிழக்குத் தெரு என்றுதான் இருந்தது. பெயர் ஒத்துப் போகாவிட்டால் அரிசியும் பணமும் வந்து சேராது. கிணற்றடிச் சந்து என்று எழுதியிருந்தால் அந்த ஆயாவுக்குத்தான் நஷ்டம் ஆகியிருக்கும். இன்றைக்கு அதே இடத்தில் நிற்க வைத்தாலும் அப்படித்தான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். ஆனால் என் படிவத்தில் இரண்டாவது கட்டம் இல்லை. யார் எப்படிச் சொன்னார்கள் என்று எழுத இடமே இல்லை. அந்தச் சாப்பரின் புத்தகத்திலாவது இருந்தது. அவன் கேட்கவில்லை என்பதுகூட அதனால்தான் இன்று எனக்குத் தெரிகிறது.

அதற்கப்புறம் பெயர்ப் புத்தகங்களைக் கொஞ்சம் வேறு மாதிரி படிக்கிறேன். இரண்டாவது கட்டத்தில் மூன்று எழுத்துமுறையும் ஒன்றாக இருந்தால் சட்டென்று தாண்டிவிடுகிறேன். எங்கேயாவது ஒன்று மட்டும் பிசகி, அடித்து எழுதியிருந்தால் நின்று பார்க்கிறேன். யாரோ ஒருவர் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் ஊரில் இருக்கும் என் சிநேகிதனுக்குப் போன் செய்தபோது அந்தக் கிணற்றடிச் சந்து இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “கிணறே இல்லையேடா, சந்து எங்கேர்ந்து?” என்றான். குப்பத்தையே உள்ளே தள்ளிப் புதுக் காலனிக்கு மாற்றிவிட்டார்கள், எல்லாம் காங்கிரீட் வீடு, தெருவுக்கெல்லாம் நம்பர். அந்த ஆயா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே சொன்னான்: “அங்க மூணாவது குறுக்குத் தெருவுல மீன் வாங்கப் போனா, பொம்பளைங்க கிணத்தடின்னுதான் சொல்லுதுங்க. அங்க அடி பம்பு கூடக் கிடையாது.”